ஐந்து ஊசியில் ஒரு ஜோடி காலுறை

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மார்கழிக் குளிருக்குக் கம்பளிக் காலுறை இதமானது. அதைக் கையாலேயே பின்னலாம். இருமுனையும் கூரான ஐந்து ஊசிகள் வேண்டும். பெரியவர்களுக்கு மெல்லிய நூலில் 64 கண்ணிகள் போட்டு, நான்கு ஊசிகளில் 16 வீதம் பிரித்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்ன வேண்டும். மேல் விளிம்பில் இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி புரட்டியும் மாறிமாறிப் பின்னினால், காலுறை காலைக் கவ்விக்கொள்ளும், நழுவி இறங்காது.

குதிகாலுக்கு 32 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, வளைவுக்காகச் சிலவற்றைக் குறைக்க வேண்டும். பிறகு ஓரங்களில் கண்ணிகளை எடுத்துச் சேர்த்து, பாதத்தை மீண்டும் வட்டமாகப் பின்ன வேண்டும். விரல் பகுதியில் இருபுறமும் குறைத்துக்கொண்டே வந்து, மிஞ்சியவற்றைத் தைத்து இணைத்தால் காலுறை தயார். நைலான் கலந்த கம்பளி நூல் எளிதில் தேயாது. முதல் காலுறையின் வரிசைகளை எண்ணிக் குறித்துவைத்தால் ஜோடி அளவு மாறாது.