தடுப்பூசியும் தனிமனிதரின் உரிமையும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் அரசாங்கம் மக்களிடம் இரண்டு பொருள்களைக் கேட்கிறது. ஒன்று, தடுப்பூசி ஏற்றுக்கொள்ளக் கையை நீட்டுமாறு கேட்கிறது. மற்றொன்று, அவர்களைப் பற்றிய விவரங்களைக் கேட்கிறது. பெயர், வயது, முகவரி, யார் யாருடன் பழகினர், நோய் கண்டதா இல்லையா என்பன அவை. சாதாரண காலத்தில் ஒருவரது உடலும் அவரது சொந்த விவரங்களும் அவருக்கே உரியவை. நோய்க் காலத்தில் அவற்றின்மீது சமுதாயத்திற்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதே வினா. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய கோவிட் கொள்ளைநோயின்போது இவ்வினா நம் நாட்டின் நீதிமன்றங்களிலும் வீடுகளின் வாயிற்படிகளிலும் எழுந்தது. வாயிற்படியில் நின்று விடை கூறவேண்டியவர்கள் களப்பணியாளர்களும் ஆசிரியர்களுமே ஆதலின், இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது அவர்களுக்கு இன்றியமையாததாகும்.

பழைய வினா

இவ்வாதம் புதியதன்று. எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக்கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். 1802 ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. நம் நாட்டில் இம்முறை வேரூன்றியது அவ்வாறே. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கிற்று. எதிர்ப்பு வளர்ந்தது, 1885இல் லெஸ்டர் நகரில் பெருங்கூட்டமாக மக்கள் திரண்டு ஊர்வலம் சென்றனர். 1898இல் மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோருக்குச் சட்டமே விலக்களித்தது. இந்தியாவில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட நகராட்சிகளிலும் பாளையங்களிலும் கட்டாய அம்மை குத்துதலுக்கு வழிவகுத்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜேக்கப்சன் என்பவர் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். அவருக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. பிறருடைய பாதுகாப்பிற்காகத் தனிமனிதரின் சுதந்திரத்திற்கு வரம்பு விதிக்கலாம் என்றும், ஆயினும் அவ்வரம்பு தேவைக்கு மீறியதாகவோ மனம்போன போக்கில் விதிக்கப்பட்டதாகவோ இருத்தலாகாது என்றும் அத்தீர்ப்பின் கருத்தைச் சுருக்கிக் கூறலாம்.

தடுப்பூசியின் இயல்பு

கட்டாயம் நியாயமா என்பது சட்டத்தை மட்டும் பொறுத்ததன்று. தடுப்பூசி செய்யும் வேலையையும் பொறுத்தது. தடுப்பூசி இருவகையில் பயன்படலாம். ஊசி ஏற்றவரைக் கடும் நோயினின்றும் மரணத்தினின்றும் காப்பது ஒன்று. அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவாமல் தடுப்பது மற்றொன்று. பெரியம்மைத் தடுப்பு முறை இவ்விரண்டையும் நன்கு செய்தது. அந்நோய்க்கு மனிதனைத் தவிர வேறு உறைவிடமும் இல்லை. ஆகவே அதனை உலகினின்றே ஒழிக்க முடிந்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் இதனை அறிவித்தது.

கோவிட் தடுப்பூசிகளின் நிலை சற்று வேறானது. அவை கடும் நோயையும் மரணத்தையும் பெரிதும் குறைத்தன. ஆனால் பரவுதலைத் தடுக்கும் ஆற்றல் மாதங்கள் செல்லச் செல்லத் தேய்ந்தது. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரான் வகை பரவியபோது ஊசி ஏற்றவர்களுக்கும் தொற்று கண்டது. “உம் நலனுக்காக ஏற்றுக்கொள்ளும்” என்னும் வாதம் அப்போதும் வலிமை குன்றாமல் நின்றது. “ஏற்காவிடில் நீர் பிறருக்குத் தீங்கு செய்கிறீர்” என்னும் வாதமோ முன்னைவிட வலுவிழந்தது. கட்டாயம் என்பது இரண்டாவது வாதத்தையே பெரிதும் சார்ந்து நிற்பது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் நாட்டில் நிகழ்ந்தவை

2021 ஜனவரி 16ஆம் நாள் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஊசி ஏற்பது அவரவர் விருப்பம் என்பதே மத்திய அரசாங்கத்தின் நிலை. எனினும் சில மாநிலங்களும் ஸ்தாபனங்களும் ஊசி ஏற்றதற்கான சான்றிதழைக் கேட்டன. பம்பாய் மாநகரின் புறநகர் ரயில்களில் 2021 ஆகஸ்ட் 15 முதல் இரு தவணையும் ஏற்றவர்களே பொதுவாக அனுமதிக்கப்பட்டனர். மேகாலயத்தில் கடைக்காரர்களும் வண்டியோட்டிகளும் ஊசி ஏற்ற பின்னரே தொழில் செய்யலாம் என மாவட்ட அதிகாரிகள் ஆணையிட்டனர். வலுக்கட்டாயமாக ஊசி ஏற்றுதல் அடிப்படை உரிமைக்கு முரணானது என்று அம்மாநில உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் கூறியது.

2022 மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்தது. எவரையும் ஊசி ஏற்குமாறு பலவந்தம் செய்யலாகாது என்றும், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உடலின்மீது ஒருவருக்குள்ள உரிமையைக் காக்கிறது என்றும் அது உரைத்தது. அதே சமயம், பொதுநலன் கருதி அரசாங்கம் அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஊசி ஏற்காதோரால் பிறருக்கு ஏற்றோரைவிட அதிக அபாயம் என்பதைக் காட்டும் சான்று தன்முன் வைக்கப்படவில்லை எனக் குறிப்பிட்டு, தொற்றுக் குறைவாக இருந்த அந்நிலையில் ஊசி ஏற்காதோருக்கு விதிக்கப்பட்ட தடைகளை மறுபரிசீலனை செய்யுமாறு ஆலோசனை கூறியது. ஊசிக்குப் பின் தோன்றும் தீய விளைவுகளைப் பொதுமக்கள் எளிதில் தெரிவிக்கவும், தெரிவிப்போரின் அந்தரங்கம் கெடாமல் அவ்விவரங்கள் வெளியாகவும் வழி செய்யுமாறும் பணித்தது.

விவரங்களின் பாதுகாப்பு

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருந்தனர். அரசாங்கம் அதில் தலையிட வேண்டுமாயின் சட்டத்தின் ஆதாரம் இருத்தல் வேண்டும். நியாயமான நோக்கம் இருத்தல் வேண்டும். தலையீடு நோக்கத்திற்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவுகோலால் கோவிட் காலத்து ஏற்பாடுகளை அளந்து பார்க்கலாம். 2020 ஏப்ரலில் ஆரோக்கிய சேது என்னும் கைப்பேசிச் செயலி வெளியாயிற்று. இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது புளூடூத் அலையால் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு நோய் கண்டால் அவரருகே இருந்தோரை எச்சரிக்கலாம். மே மாதத் தொடக்கத்தில் அலுவலகப் பணியாளர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது, கண்டனம் எழுந்தது, அம்மாதத்திலேயே அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. திரட்டிய விவரங்களைப் பொதுவாக 180 நாள்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது என்ற விதியும் அப்போதே பிறந்தது.

அதே ஆண்டில் பல ஊர்களில் நோயாளிகளின் வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அண்டை வீட்டார் ஒதுக்கினர். உரிய அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதில் அறிவியற் காரணமும் உண்டு. வாயிலில் தாள் ஒட்டப்படும் என்று அஞ்சுபவர் சோதனைக்கு வாரார். சோதனைக்கு வாராதவரால் நோய் மறைந்து பரவும். 

2023ஆம் ஆண்டில் கணினிவழித் தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ உதவிக்காக ஒருவரது விவரங்களைச் சம்மதமின்றியும் பயன்படுத்த இச்சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் விவரங்களைக் காக்கும் கடமை அதனால் நீங்கிவிடுவதில்லை.

பணியாளர் கவனிக்கத்தக்கவை

1. ஊசியின் பயனையும் அதனால் நேரக்கூடிய காய்ச்சல், வலி முதலியவற்றையும் மறைக்காமல் கூறுக. தீய விளைவு தோன்றினால் யாரிடம் தெரிவிப்பது என்பதையும் சொல்லுக.

2. ஒருவர் மறுத்தால் காரணத்தைக் கேட்டறிக. பலர் அச்சத்தால் மறுப்பர்; சிலர் கூலி நாளை இழக்க இயலாமல் மறுப்பர். ஒவ்வொன்றிற்கும் விடை வேறு. எழுத்து மூலமான ஆணையின்றி ரேஷன் கிடைக்காது, பள்ளியில் இடமில்லை என்று அச்சுறுத்தலாகாது.

3. படிவம் கேட்கும் விவரங்களை மட்டுமே பெறுக. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டபடி, கோவின் பதிவிற்கு ஆதார் அட்டைகூடக் கட்டாயமாக இருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

4. பதிவேட்டைத் திறந்தபடி மேசைமீது விட்டுச் செல்லற்க. பெயர்ப் பட்டியலைப் படம் பிடித்துக் கைப்பேசிக் குழுக்களுக்கு அனுப்புதல் வாயிலில் தாள் ஒட்டுவதைவிடப் பெருந்தீங்கு. தாளைக் கிழித்துவிடலாம், படத்தைத் திரும்பப் பெற முடியாது.

5. வகுப்பில் ஊசி ஏற்காத மாணவரின் பெயரை உரக்கப் படித்தலும், அவரைத் தனியே நிறுத்துதலும் ஆகா. பெற்றோரிடம் தனித்துப் பேசுக.

பெரியம்மையை ஒழிக்கும் பணியின் இறுதி ஆண்டுகளில் நம் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைத் தேடினர். நோய் கண்ட இடத்தைத் தெரிவிப்போருக்கு வெகுமதி அளிக்கப்பட்டது. சில இடங்களில் பலவந்தமும் நடந்ததுண்டு. மக்கள் நெஞ்சில் அது கசப்பை விட்டுச் சென்றது. எந்தக் கொள்ளைநோயிலும் முதற் செய்தி நோயாளியின் வீட்டிலிருந்தே வரவேண்டும். தாம் சொல்வது தமக்கு எதிராகத் திரும்பாது என்று மக்கள் நம்பினால் அச்செய்தி விரைவில் வரும். அந்நம்பிக்கையை நோயில்லாக் காலத்திலேயே வளர்த்து வைத்தல் நம் கடமையாகும்.