இனிஷியலைக் கவனிங்க... ஆஃபர் லெட்டர் காத்திருக்காது!

பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை பிரசித்தம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனாலும் பழகிய வியாபாரி பல்லை நசுக்கி முகர்ந்து பார்த்துத்தான் மலைப்பூண்டா, வடநாட்டுப் பூண்டா என்று சொல்வார். டிகிரி சான்றிதழை அப்படி முகர்ந்து பார்க்க முடியாதே!

மண்டியில் மூட்டை தூக்கும் அப்பாவின் பிள்ளைக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். முன்பெல்லாம் கம்பெனி ஒரு ஏஜென்சியிடம் நகலைக் கொடுக்கும். ஏஜென்சி பல்கலைக்கழகத்துக்கு எழுதி, கட்டணம் கட்டி, பதிலுக்குக் காத்திருக்கும். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாள்கள் நெருப்பு மேல் நிற்பது மாதிரிதான்.

2015-ல் வந்த டிஜிலாக்கர் இதைச் சுருக்கிவிட்டது. தேர்வு வாரியமோ பல்கலைக்கழகமோ நேரடியாக ஏற்றிவைக்கும் சான்றிதழ், 2017-ல் திருத்தப்பட்ட விதிப்படி, அசலுக்குச் சமம். நீங்கள் ஒப்புதல் கொடுத்தால் கம்பெனி நொடியில் சரிபார்த்துக்கொள்ளலாம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய பி.டி.எஃப்-க்கு அந்த மதிப்பு கிடையாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அதற்காக, கம்ப்யூட்டர் பார்த்துவிட்டால் எல்லாம் சரி என்று நிறுவனங்களும் இருந்துவிட முடியாது. 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெடித்த ஆள்மாறாட்ட விவகாரம் நினைவிருக்கிறதா? மாணவருக்குப் பதில் இன்னொருவர் நீட் எழுதினார் என்பது புகார். மதிப்பெண் பட்டியல் அசல்தான். போட்டோவில் இருந்த முகம்தான் வேறு! அதன் பிறகே மற்ற கல்லூரிகளிலும் மாணவர்களின் போட்டோக்களை எடுத்துவைத்து ஒப்பிட்டார்கள்.

நேர்மையாகப் படித்தவர்களுக்கு வரும் தலைவலி வேறு. நம் ஊர் இனிஷியல்! மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ‘மு’, ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், பேங்க் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால்தான் பல சான்றிதழ்கள் உங்கள் கணக்குக்குள்ளேயே வரும்.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போதே தலைமையாசிரியரைப் பார்த்து எழுத்துப்பிழையைத் திருத்திவிடுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. படித்து முடித்தவர்கள் இன்றைக்கே மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இன்டர்வியூவுக்குப் போகும் முன்பே ஆதார் மையத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம்.