காற்றுக் குழாயில் எண்ணெய்

ஹைதராபாத் நகரின் கிழக்கே, உப்பலுக்கும் மல்லாபூருக்கும் அண்மையில், நாச்சாரம் என்னும் தொழிற்பேட்டைப் பகுதி இருக்கிறது. அங்கே உத்தியோக நிமித்தம் குடியேறிய நம் நண்பர் ஒருவர், பொங்கலுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், தம் டீசல் காரைப் பட்டறை ஒன்றில் சோதனைக்கு விட்டார். சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். முதிய பெற்றோர் காத்திருக்கிறார்கள். மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் எண்ணெயில் நனைந்து வந்தது. "டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று ஹைதராபாத் ஹிந்தியில் தீர்ப்புக் கூறிவிட்டார். நண்பரின் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதாது. அயலூரில், பாதி புரிந்த மொழியில் இத்தகைய தீர்ப்பைக் கேட்டு நிற்பது எத்தகைய சங்கடம் என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

காற்று மட்டுமே செல்ல வேண்டிய வழியில் எண்ணெய் எவ்வாறு வந்தது? எஞ்சினுக்குள் எரியும் வாயு முழுவதும் பிஸ்டனைத் தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை. அதில் சிறு பகுதி, ரிங்குகளின் இடுக்கு வழியே, அடியிலுள்ள எண்ணெய் அறைக்குள் கசிகிறது. புத்தம் புதிய எஞ்சினிலும் இக்கசிவு உண்டு. அந்த வாயு வெளியேறாவிட்டால் அழுத்தம் பெருகி ஸீல்களைப் பிதுக்கிவிடும். ஆகவே அதற்குப் பிரீதர் என்னும் மூச்சுக் குழாய் வைத்தார்கள். முற்காலத்து வண்டிகளில் அது சாலையை நோக்கித் திறந்திருந்தது. வாயுவும் எண்ணெய்ப் புகையும் தெருவிலே கலந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நச்சுப் பனிமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கண்டபின், கலிபோர்னியா மாநிலத்தில் 1960-களின் தொடக்கத்தில் புதிய கார்களில் அவ்வாயுவை மீண்டும் காற்று வழியிலேயே செலுத்தி எரிக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டுக் கார்களிலும் அதே முறைதான். எனவே காற்றுக் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு காணப்படுவது நோயன்று. எவ்வளவு எண்ணெய், எந்த இடத்தில் என்பதே கேள்வி.

எல்லாவற்றிற்கும் முன் பார்க்க வேண்டியது எண்ணெய் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோலை எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், சுழலும் கிராங்க் எண்ணெயை மத்தாகக் கடைந்து துளியாக்கிக் காற்று வழிக்கு அனுப்பும். ஆயில் மாற்றும்போது கைதவறி அதிகம் ஊற்றிவிடுவது அபூர்வமன்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதிக்கு இணங்கிய டீசல் கார்களில் வேறொரு காரணமும் உண்டு. புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய எஞ்சின் சிறிது டீசலை அதிகமாகச் செலுத்துகிறது. நாச்சாரத்திலிருந்து தார்நாகா வரை போய்த் திரும்பும் குறுகிய ஓட்டங்களில் அவ்வேலை அடிக்கடி பாதியில் நின்றால், எரியாத டீசல் எண்ணெயோடு கலந்து அளவு ஏறும். அளவுகோலை முகர்ந்தால் டீசல் வாடை காட்டிக் கொடுத்துவிடும். அப்போது ஆயிலை மாற்றியே தீர வேண்டும்.

அளவு சரியாக இருந்தால், ஈரம் தொடங்கும் இடத்தைத் தேட வேண்டும். டர்போ உள்ள எஞ்சின்களில் பிரீதர் குழாய், டர்போவுக்கு முன்னே காற்றுக் குழாயில் வந்து சேர்கிறது. அச்சந்திப்புக்கு முன் உலர்ந்தும், சந்திப்பிலிருந்து ஈரமாகவும் இருந்தால் எண்ணெய் பிரீதர் வழியே வருகிறது என்று கொள்ளலாம். சந்திப்புக்கும் டர்போவுக்கும் இடையே உலர்ந்து, டர்போவுக்கு அப்பால் எண்ணெய் தேங்கியிருந்தால்தான் டர்போவின் மேல் சந்தேகம் கொள்ள நியாயமுண்டு. அப்போதும் அதன் தண்டு பக்கவாட்டில் ஆடித் தகடுகள் சுவரைத் தொடுகின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

இங்கே பல பட்டறைகள் தவறிவிடுகின்றன என்பது நம் அபிப்பிராயம். டர்போவின் எண்ணெய், தன் எடையாலேயே கீழறைக்கு வடிந்து இறங்குகிறது. பிரீதர் அடைபட்டு அறையில் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் தடைப்படும். போக வழியின்றி எண்ணெய் டர்போவின் ஸீல் வழியே பிதுங்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புது டர்போ பூட்டினால் அதுவும் சில வாரங்களில் கசியும். அடைபட்ட காற்று வடிகட்டியும் உறிஞ்சலை மிகுவித்து இதே தோற்றத்தைத் தரலாம்.

அறையின் அழுத்தத்தை அழுத்தமானி கொண்டு அளப்பதே முறை. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஆயில் மூடியைத் தளர்த்தினால் அது தூக்கி எறியப்பட்டு, புகை விட்டுவிட்டு வருமாயின் கசிவு மிகுதி என்று அறியலாம். பிரீதரைச் சுத்தம் செய்தபின்னும் அப்படியே இருந்தால் ரிங்குகளின் மேல் பழி விழும். பெட்ரோல் எஞ்சினில் கம்ப்ரஷன் அளந்து, பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் உயருமானால் தேய்ந்தவை ரிங்குகளே. உயராவிட்டால் வால்வுகளைப் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் அசட்டையாக இருக்கலாகாது. குழாயில் தேங்கிய எண்ணெய் மொத்தமாக உள்ளே போனால், எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு வெறிபிடித்தாற்போல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். அணையாவிட்டால் இறங்கி விலகி நில்லுங்கள். கையால் காற்று வாயை மூட ஒருபோதும் முயலாதீர்கள்.

நம் நண்பரின் காரில் ஈரம் பிரீதர் சந்திப்பிலேயே தொடங்கியிருந்தது. டர்போத் தண்டில் ஆட்டமில்லை. எண்ணெயைப் பிரிக்கும் சிறு பெட்டி கசடேறி அடைத்திருந்தது. அதை மாற்றி, குழாய்களையும் இன்டர்கூலரையும் கழற்றித் தேங்கியதை வடித்துத் துடைத்துப் பூட்டினார்கள். மெக்கானிக்கும், முதலில் முகம் சுளித்தாலும், பின்னர் ஆவலோடு தாமே விளக்கைப் பிடித்தார். போகியன்று விடியற்காலையில் புறப்பட்ட நண்பர், விஜயவாடாவிலும் நெல்லூரிலும் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஆனதும் குழாயைக் கழற்றினோம். வெள்ளைத் துணியில் லேசான கறை மட்டுமே ஒட்டியது.