இழுவைப் பெட்டியின் ரயரை மாற்றும் காலம்

இணுவிற் கமக்காரரிடமுள்ள பழைய இழுவைப் பெட்டிகள் பலவற்றில், நிலத்திற் படும் பட்டை பெரிதுந் தேயாதிருக்கக் காணலாம். பட்டை நன்றாயிருக்கிறதே என்று அதே ரயரை மேலும் சில போகங்களுக்கு ஓட்டுவது வழக்கம். ஆபத்து பிறப்பது இங்கேதான். நாள்தோறும் ஓடும் காரின் ரயர் தேய்ந்து பயனற்றுப் போகும். பெட்டியின் ரயரோ தேய்வதற்கு முன்னரே முதுமையாற் பயனற்றுப் போகும்.

காரணம் எளிது. செம்பாட்டுத் தோட்டத்துக்குக் குழையும் எருவும் ஏற்றும் நாட்களிலும், வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை என்பன வெளியேறும் நாட்களிலும் பெட்டிக்கு ஓய்வில்லை. ஏனைய மாதங்களில் அது வேலியோரத்தில் வெயில் காய்ந்து நிற்கும். இறப்பரை வெடிக்கச் செய்யும் ஓசோன் வாயுவைத் தடுப்பதற்கு ரயரில் ஒருவகை மெழுகு கலக்கப்பட்டுள்ளது. சில்லு உருண்டு ரயர் நெளியும்போதே அம்மெழுகு மேற்பரப்புக்கு நன்கு கசிந்து வரும். அசையாது நிற்கும் ரயருக்கு இக்காப்பு குறைவு. 1839ஆம் ஆண்டில் சாள்ஸ் குட்இயர் கந்தகஞ் சேர்த்து இறப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். அதனால் இறப்பர் வெப்பத்தில் இளகுவது நின்றதேயன்றி, முதுமை நின்றிலது.

இருசில்லு உழவு இயந்திரம் பூட்டிய பெட்டியில், சுமை முழுவதையும் தாங்குவன பெரும்பாலும் இரண்டு ரயர்களே. ஓட்டுபவரும் பெட்டியின் முன்புறத்திலேதான் அமர்ந்திருக்கிறார். மருதனார்மடம் அல்லது சுன்னாகம் சந்தைக்குச் செல்லும்போது காங்கேசன்துறை வீதியில் ஒரு பக்கத்து ரயர் வெடிக்குமாயின், பெட்டி அப்பக்கஞ் சாயும், கைபிடி இழுபடும், பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். மூடைகளின் மேல் கூலியாட்கள் ஏறியிருந்தால் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே முதலில் ரயரின் வயதை அறிதல் வேண்டும். கடைக்காரரிடம் வாங்கிய நாளன்று. செய்யப்பட்ட நாளே கணக்கு. 2000ஆம் ஆண்டு தொடக்கம் செய்யப்பட்ட ரயர்களில், டி.ஓ.ரி. என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 3518 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். இவ்விலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதும் உண்டு; வெளியே காணாவிடின் பெட்டிக்கடியிற் குனிந்து உட்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். வரிசை மூன்று இலக்கங்களில் முடிந்தால் அது 2000க்கு முந்திய ரயர்; அதைப்பற்றி மேலும் ஆராய வேண்டுவதில்லை.

மோட்டார் வாகனம் செய்வோர் சிலர் ஆறு ஆண்டுகளில் ரயரை மாற்றும்படி கூறுகின்றனர். மிஷலின் முதலிய ரயர் உற்பத்தியாளர், ஐந்தாண்டின் பின் ஆண்டுதோறும் சோதிக்கும்படியும், பத்தாண்டுக்கு மேல் எவ்வகையிலும் வைத்திருக்க வேண்டாமென்றும் கூறுகின்றனர். வீதியிற் பாரமேற்றிச் செல்லும் பெட்டிக்கு ஆறாண்டையொட்டியே மாற்றுவது நன்று. தோட்டத்துக்குள் மட்டும் மெல்ல உருளும் பெட்டிக்குச் சிறிது தாமதிக்கலாம். எனினும் பத்தைத் தாண்டலாகாது.

வயது குறைந்திருப்பினும், சில அடையாளங்கள் கண்டால் அன்றே கழற்றிவிடுதல் வேண்டும். பக்கச் சுவரில் நகம் உட்செல்லுமளவு வெடிப்பு, நூற்படை வெளித்தெரிதல், கொப்புளம்போன்ற வீக்கம் என்பன அவை. வீக்கம் என்றால் உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன என்றே கொள்க. உள்ளே துண்டு வைத்து ஒட்டுவதால் அது சீராகாது. 1990களில் எரிபொருளும் பல பண்டங்களும் தடைப்பட்டிருந்தபோது, கிடைத்ததை ஒட்டியும் தைத்தும் ஓட்டினர். அன்று வேறு வழியில்லை. இன்று அப்பழக்கத்துக்கு நியாயமில்லை.

மாற்றும்போது ஓர் அச்சின் இரு ரயர்களையும் ஒருங்கே மாற்றுக. பழைய ரியூப் நீண்டு தளர்ந்திருக்குமாதலால் மடிந்து கிழியும். புதிய ரயருக்குப் புதிய ரியூபே வேண்டும். பாரந்தாங்கும் அளவு பழையதிலுங் குறையலாகாது. காற்றை, ரயர் குளிர்ந்திருக்கும்போது, அதன் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள இறாத்தல் அளவைப் பார்த்து அடித்தல் வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் அதிகமாக நெளிந்து சூடேறும்; முதிய ரயர்கள் வெடிப்பதற்கு இச்சூடே பெருங்காரணம்.

வேலையற்ற மாதங்களில் அச்சுக்குக் கீழ் கல்லடுக்கிப் பெட்டியை உயர்த்தி, ரயரை வெயில் படாமல் ஓலையால் மறைத்து வைக்கலாம். மேலதிக ரயரைக் கிணற்றடி மோட்டார்க் கொட்டிலில் வைப்பது பலரின் வழக்கம். மின் மோட்டாரிலிருந்தும் ஓசோன் உண்டாகுமாதலால் அது தகாத இடம். மண்ணெண்ணெய் சிந்துமிடமும் அவ்வாறே.

கழற்றிய ரயரைக் கோடிப்புறத்திற் போட்டுவைத்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். வேலிக்கோ கன்றுக்கோ பயன்படுத்துவதாயின், நீர் வடிவதற்குப் பல இடங்களில் துளையிட்ட பின்னரே வைத்தல் வேண்டும்.