குண்டு எறிதலில் 45 டிகிரி ஏன் எடுபடுவதில்லை?

எறிபொருள் கணக்கா, 45 டிகிரி என்று பிளஸ் ஒன் மாணவர் தூக்கத்திலும் சொல்வார். கிளம்பிய மட்டத்திலேயே விழும் பொருளுக்குத்தான் அது சரி. குண்டு கையை விடும்போதே தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் இறங்கக் கூடுதல் நேரம் கிடைப்பதால், கிடைத்திசை வேகத்தைச் சற்றுக் கூட்டுவது லாபம். வேகம் நொடிக்கு 14 மீட்டர் என்றால் சிறந்த கோணம் சுமார் 42 டிகிரி.

தேர்ந்த வீரர்களோ பெரும்பாலும் 40-க்கும் கீழே எறிகிறார்கள். பாடநூல் வேகத்தை மாறாததாக வைத்துக்கொள்கிறது. தோள்பட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. 7.26 கிலோவைச் செங்குத்தாகத் தள்ளத் தள்ள வேகம் குறையும். கோணத்தில் 5 டிகிரி குறைத்தால் நஷ்டம் சுமார் 30 சென்டிமீட்டர். வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் குறைந்தாலோ இரண்டரை மீட்டருக்கு மேல் போய்விடும்.