பிள்ளையின் கையில் வண்ணம்



தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓவியமும் கைவேலையும் எதற்கு, அவற்றைச் செலவில்லாமல் வீட்டில் எப்படிச் செய்ய விடலாம் என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். "படம் போட்டால் சோறு போடுமா, சார்?" என்று கேட்கும் பெற்றோரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். விடியுமுன் எழுந்து வெளிக்காட்டுக்குப் போய், உடல் நோகத் திரும்பி வருகிறவர்கள் கேட்கும் கேள்வி அது. அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை.

முதலில் வகுப்பறையில் நடப்பதைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டு மாணவர்களிடம், "நாம் இருக்கும் இடத்தை வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு மலைகள், நடுவில் கதிர் விரித்த சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, பக்கத்தில் ஒரு குடிசை, வானத்தில் நான்கு பறவைகள். எங்கள் தோட்டத்தில் அப்படி மலையும் இல்லை, ஆறும் இல்லை. வரிசை வரிசையாக மரங்கள் இருக்கின்றன. மரத்தில் மங்கு கட்டியிருக்கிறது. லயத்து வாசலில் மிதிவண்டி சாத்தியிருக்கிறது. அதையெல்லாம் ஏன் வரையவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் படமா, சார்?" என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டான்.

நேயர்களே, இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. தான் வாழும் இடமும், தாய் தந்தையர் செய்யும் வேலையும் தாளில் ஏறத் தகுதி இல்லாதவை என்று எட்டு, ஒன்பது வயதிலேயே ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. யாரும் அப்படி வாய்திறந்து சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் பலகையில் ஒரு மாதிரியை வரைந்து, "இதைப் பார்த்து அப்படியே போடு" என்று சொல்லிச் சொல்லியே அந்த எண்ணம் வந்து சேர்ந்தது. பார்த்துப் போடுவதில் கை பழகும், உண்மைதான். ஆனால் கண் உறங்கிவிடும்.

நம் நாட்டில் இந்தப் பார்த்துப் போடும் பழக்கத்தை மாற்ற முயன்றவர்கள் உண்டு. 1951இல் பீட்டர் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் ஓவியக் கல்வி மேற்பார்வையாளராக மலாயாவுக்கு வந்தார். மறு ஆண்டு கோலாலம்பூரில் 'புதன்கிழமை ஓவியக் குழு' என்ற ஒன்றைத் தொடங்கினார். புதன்கிழமைதோறும் கூடி வரைவார்கள். பெயரும் அதனால்தான் வந்தது. ஒருவர் வரைவதைப் போல மற்றவர் வரையக்கூடாது, அவரவர் கண்ணில் பட்டதை அவரவர் வழியில் வரைய வேண்டும் என்பது அங்கிருந்த போக்கு. அக்குழுவில் இருந்தவர்களில் கிரேஸ் செல்வநாயகம் ஒருவர். சொங்கேட் துணி நெசவைப் பற்றி 1990இல் ஒரு நூல் எழுதிப் புகழ்பெற்றவர் அவர்.

அதே குழுவில் சுல்கிப்ளி பூயோங் என்ற ஒரு சிறுவனும் இருந்தான். 1948இல் பிறந்தவன். விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தபோது ஓவியர் பேட்ரிக் இங் அவனுக்கு ஆசிரியர். இந்தப் பையன் மலையையும் சூரியனையும் தேடிப் போகவில்லை. கொசுவலைக்குள் இருக்கும் பிள்ளைகளை வரைந்தான். 'கெலாம்பு' என்று அந்தப் படத்துக்குப் பெயர். ஆண்டு 1964, அவனுக்கு வயது பதினாறு. பிறகு 1966இல் காகிதக் கப்பல் விடும் பிள்ளைகளை வரைந்தான். பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டிதான் அவன் கருவி. நம் வீட்டில் இல்லாத கொசுவலையா? நம் பிள்ளைகள் விடாத காகிதக் கப்பலா? அந்தச் சுல்கிப்ளியின் படங்கள் இன்று கோலாலம்பூரில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 'அதெல்லாம் படமா' என்று கேட்ட பையனுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

இத்தகைய கல்வி பள்ளிகளுக்கு வர வேண்டுமானால், அதற்கென்று பயின்ற ஆசிரியர்கள் வேண்டும். அவர்களை உருவாக்கிய இடங்களில் முக்கியமானது, கோலாலம்பூர் செராசில் உள்ள தனித்துறை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1960களில் அங்கே விரிவுரையாளராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்தவர் சையத் அகமட் ஜமால். நாட்டின் பெரும் ஓவியர். 1995இல் தேசியக் கலைஞர் என்ற சிறப்பைப் பெற்றவர். செராசில் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் நாட்டின் பல பள்ளிகளுக்கும் சென்றார்கள். 1983இல் நாடு முழுவதும் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓவியக் கல்வியும் வெறும் படம் வரைதலோடு நிற்கவில்லை. வரைதல், வடிவமைப்பும் தோரணியும், உருவம் செய்து கட்டுதல், மரபுக் கைவினைகளை அறிதல் என்று நான்கு பகுதிகளாக விரிந்தது. ஆனால் தோட்டத்துச் சிறு பள்ளிகளில் தனி ஓவிய ஆசிரியர் இருப்பது அரிது. கணிதம் சொல்லிக் கொடுப்பவரே வண்ணமும் தீட்டிக் காட்ட வேண்டும். அதனால்தான் வீட்டின் துணை வேண்டியிருக்கிறது.

இனி, சோறு போடுமா என்ற கேள்விக்கு வருவோம். எழுதுகோல் பிடிக்கத் திணறும் முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கவனியுங்கள். விரல்களில் வலுவும் இணக்கமும் இல்லாததால்தான் எழுத்துக் கோணுகிறது. மண் பிசைகிற விரல், காகிதம் கிழித்து ஒட்டுகிற விரல், கோடு இழுக்கிற விரல், நாளைக்கு 'ழ'கரத்தை ஒழுங்காகச் சுழிக்கும். புள்ளிக் கோலம் போடும் பெண்பிள்ளை, ஐந்து வரிசையில் ஐந்தைந்து புள்ளி வைத்தால் இருபத்தைந்து என்பதை வாய்ப்பாடு இல்லாமலே அறிகிறாள். (ஆண்பிள்ளைக்கும் கோலம் சொல்லிக் கொடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.) தேர்வில் வராத பாடம்தானே என்று முன்பு ஒதுக்கினார்கள். ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாக்குக்கும் இப்போது இடமில்லை.

பிள்ளைகளின் ஓவியத்தை ஆராய்ந்தவர்களில் விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் குறிப்பிடத்தக்கவர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்றவர். 1947இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பிள்ளை முதலில் கிறுக்கும். பிறகு வட்டம் போட்டு அதிலிருந்து கை கால் முளைக்க வைக்கும். ஏழு வயதை ஒட்டித் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, வீடு, மரம், ஆள் எல்லாவற்றையும் அதன்மேல் நிற்க வைக்கும். அதற்கும் பிறகுதான் தூரம், அளவு எல்லாம் வரும் என்றார். அந்த வயதில் பிள்ளை அம்மாவை வீட்டைவிடப் பெரிதாக வரைந்தால் அது பிழையன்று. அதன் மனத்தில் அம்மா அத்தனை பெரியவள். அளவுகோலை எடுத்துத் திருத்தப் போகாதீர்கள். அச்சடித்த படத்துக்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்களையும் லோவன்ஃபெல்ட் விரும்பவில்லை. அவற்றுக்குப் பழகிய பிள்ளை, தன் சொந்தக் கோட்டின்மேல் நம்பிக்கை இழந்துவிடும் என்பது அவர் கருத்து. நான் கண்டதும் அதுவே. அந்தப் புத்தகத்துக்குக் கொடுக்கும் காசில் வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? ரப்பர் இலையிலிருந்து தொடங்குவோம். ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். ஆண்டின் முற்பகுதியில் இலையுதிரும் காலத்தில் அவை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி விழும். பாதி காய்ந்த இலையாக எடுக்க வேண்டும். சருகாக இருந்தால் நொறுங்கும். நரம்புகள் புடைத்திருப்பது இலையின் அடிப்பக்கத்தில்தான். ஆகவே அடிப்பக்கத்தில் வண்ணத்தை மெல்லிதாகத் தடவி, தாளின்மேல் கவிழ்த்து, அதன்மேல் பழைய செய்தித்தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தூக்கினால், நரம்பெல்லாம் தெரிய இலை பதிந்திருக்கும். வண்ணம் இல்லையா? இலையைத் தாளுக்கு அடியில் வைத்து, மெழுகு வண்ணக்கோலைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் உருவம் எழும்பி வரும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பதித்தால் ஐந்து மூலைப் பூவொன்று கிடைக்கும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்வது இதைத்தான். அன்று சமையலுக்கு வெண்டைக்காய் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெழுகு வேலை. வீட்டில் எரிந்து மிஞ்சிய வெள்ளை மெழுகுவத்தித் துண்டால் தாளில் அழுத்தி வரையச் சொல்லுங்கள். வரைந்தது கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு கரண்டி வண்ணத்தில் நான்கைந்து கரண்டி நீர் கலந்து தாள் முழுவதும் பூசினால், மெழுகு பட்ட இடம் நீரை ஏற்காது. மறைந்திருந்த படம் வெள்ளைக் கோடாக வெளிவரும். பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். அந்த நேரத்தில் சொல்லிக் கொடுங்கள்: கிளந்தான், திரெங்கானுவில் பாத்தேக் துணி செய்வதும் இதே முறைதான். துணியில் உருக்கிய மெழுகால் கோடு போட்டு, சாயம் ஏற்றி, பின்பு வெந்நீரில் மெழுகை நீக்குகிறார்கள். அம்மா கட்டும் பாத்தேக் கைலியில் அந்தக் கோட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்ணம் வாங்க வழியில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அடுப்பங்கரை போதும். மஞ்சள்தூளை நீரில் கரைத்தால் மஞ்சள். அதில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு சிறிது சேர்த்தால் சிவப்பு. ஆரத்தி கரைக்கும் வீடுகளில் இது தெரிந்த செய்தி. அந்தச் சிவப்பின்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சளாகும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம் வரும். நாசி கெராபு சோற்றுக்கு மலாய்க்காரர்கள் நீலம் ஏற்றுவது அதனால்தான். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. காப்பித்தூளில் மரப்பட்டை நிறம், அடுப்புக்கரியில் கறுப்பு, செங்கல் தூளில் காவி. ஓவிய வகுப்பு இங்கே அறிவியல் வகுப்பாகவும் ஆகிவிடுகிறது. சுண்ணாம்பை மட்டும் நீங்களே கலந்து கொடுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து.

களிமண், தென்னங்கீற்று வேலைகளும் உண்டு. களிமண் உருவம் விரல் பருமனுக்குமேல் தடிக்கக்கூடாது. நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். கீற்றில் கிளியும் தோரணமும் முடையத் தாத்தாக்களுக்குத் தெரியும். அவர்களைக் கேளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த காலிக் கலங்களை வண்ணம் கலக்கவோ, தூரிகை கழுவவோ, எதற்குமே எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு தங்கியிருக்கும். கித்தாக் கொட்டையைக் கோத்து மாலை செய்வது அழகுதான். ஆனால் பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு, சின்னப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பங்களும் இதைக் கேட்கலாம். செராஸ் வட்டாரத்திலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே குடியிருப்புகளும் கடைகளும் நிற்கின்றன. மாடியில் மண்ணும் இல்லை, இலையும் இல்லை என்பீர்கள். மாடித் தாழ்வாரத்தில் காயும் துணிகள் இருக்கின்றன. சன்னலிலிருந்து பார்த்தால் ஆயிரம் சன்னல்கள் தெரிகின்றன. அட்டைப்பெட்டியை வெட்டி அந்த மாடியையே கட்டச் சொல்லலாம். ஒவ்வொரு சன்னலிலும் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று பிள்ளை வரைந்து ஒட்டட்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று. ஆறு தாள்களை நீளவாட்டில் ஒட்டி, 'அம்மாவின் ஒரு நாள்' அல்லது 'அப்பாவின் ஒரு நாள்' என்று வரையச் சொல்வது. வரைவதற்குமுன் பிள்ளை உங்களிடம் வந்து கேட்க வேண்டும்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இருட்டில் எப்படி நடந்தீர்கள், உளி எப்படி இருக்கும், கொசு கடிக்காதா? பதில் சொல்லுங்கள். முடிந்தால் உளியைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். ஒரு பிள்ளை இப்படி வரைந்தபோது முதல் தாளை முழுவதும் கறுப்பாக்கி, நடுவில் மஞ்சளாக ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தாள். என்னம்மா இது என்றேன். "அம்மா தலையில் கட்டியிருக்கிற விளக்கு, சார்" என்றாள். அதற்கு எந்த மாதிரியும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

பிள்ளை வரைந்து கொண்டுவந்து காட்டும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள், புரியவில்லை என்று சொன்னதாகவே அதற்குப் படும். "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள், தானாகப் பேசும். கையைப் பிடித்து நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டாம். படத்தின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதி, பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சுவரில் ஒட்டுங்கள். புதியது வந்ததும் பழையதை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். ஆண்டு முடிவில் டின்னைத் திறந்து, தேதி வாரியாகத் தரையில் பரப்பிப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.