சேவையகக் கண்காணிப்பில் வரைபட உருவாக்கத்தைத் தானியக்கமாக்கல்: காக்டை மென்பொருளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சேவையகங்களின் இயக்கநிலையைக் காலவரிசை வரைபடங்களாகக் காட்டும் திறமூல மென்பொருள்களுள் ஒன்று காக்டை. சேவையகங்கள் பெருகும்போது ஒவ்வொரு வரைபடத்தையும் வலைப்பக்கத்தின் வழியே கையால் உருவாக்குவது காலத்தை விழுங்குவதோடு விடுபடல்களுக்கும் இடமளிக்கிறது. இப்பணியைக் கட்டளைவரி நிரல்களால் நிறைவேற்றும் முறையையும், அதில் கருதவேண்டிய பிழை வாயில்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சேவையகக் கண்காணிப்பு, காக்டை, வார்ப்புரு, ஷெல் நிரல், எண்ணி, தானியக்கம்.

முன்னுரை

டோபியாஸ் ஓட்டிகர் 1995இல் உருவாக்கிய எம்ஆர்டிஜி, பிணையப் போக்குவரத்தை வரைபடமாகக் காட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியது. அவரே 1999இல் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல், அளவு மாறாத கோப்பில் காலவரிசைத் தரவைச் சேமித்து, பழைய தரவைச் சுழற்சி முறையில் சுருக்கிக்கொள்ளும் நுட்பத்தை அளித்தது. இதனை அடித்தளமாகக் கொண்டு இயன் பெரி 2001இல் தொடங்கிய காக்டை, பிஎச்பி மொழியில் எழுதப்பட்டு, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது.

நாற்பது சேவையகங்கள் உள்ள ஒரு தரவு மையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் செயலி, நினைவகம், இரு வட்டுகள், இரு பிணைய இடைமுகங்கள் என ஆறு வரைபடங்கள் தேவையெனில் மொத்தம் 240 வரைபடங்கள் வேண்டும். கையால் செய்யும்போது ஒன்றிரண்டு விடுபட்டாலும் மென்பொருள் எச்சரிப்பதில்லை. வட்டு நிரம்பிச் சேவை நின்ற பின்னரே அதற்கான வரைபடம் இல்லாமை தெரியவரும்.

1. வரைபட உருவாக்கத்தின் படிநிலைகள்

காக்டையில் வரைபடம் என்பது முதலில் ஒரு தரவுத்தளப் பதிவே ஆகும். கருவி, தரவு மூலம், வரைபட வார்ப்புரு ஆகிய மூன்றையும் அப்பதிவு இணைக்கிறது. இயல்பான அமைப்பில் 300 நொடிகளுக்கு ஒருமுறை இயங்கும் தரவு சேகரிப்பியே ஆர்ஆர்டி கோப்பை உருவாக்கி நிரப்புகிறது. பிணையப் போக்குவரத்து போன்ற எண்ணி வகைத் தரவில் இரு அளவீடுகளின் வேறுபாட்டிலிருந்தே வேகம் கணிக்கப்படுவதால், கோடு தோன்றக் குறைந்தது இரண்டு சுற்றுகள் தேவை. எனவே நிரல் முடிந்தவுடன் வரைபடம் வெறுமையாக இருப்பதைப் பிழையெனக் கொள்ளலாகாது.

2. கட்டளைவரி நிரல்களும் அவற்றின் இணைப்பும்

காக்டையின் நிறுவல் தொகுப்பிலேயே கருவியைச் சேர்த்தல், வரைபடத்தைச் சேர்த்தல், மரவடிவப் பட்டியலில் இடுதல் ஆகியவற்றுக்கெனத் தனித்தனி நிரல்கள் உள்ளன. வரைபடம் சேர்க்கும் நிரல் இரு வகைகளைக் கையாள்கிறது. செயலிச் சுமை போன்று கருவிக்கு ஒன்றே அமையும் வரைபடங்களுக்குக் கருவியின் அடையாள எண்ணும் வார்ப்புருவின் அடையாள எண்ணும் போதுமானவை. வட்டு, பிணைய இடைமுகம் போன்று ஒரே கருவியில் பல அமையும்போது, தரவு வினவலின் எண், வினவல் வகையின் எண், புலத்தின் பெயர், அதன் மதிப்பு ஆகியனவும் தேவை.

இவற்றை இணைக்கும் ஷெல் நிரலின் தருக்கம் எளிது. சேவையகப் பெயர்களும் முகவரிகளும் அடங்கிய உரைக்கோப்பை வரிவரியாகப் படித்தல். கருவியைச் சேர்த்து அதன் அடையாள எண்ணைப் பெறுதல். அக்கருவியில் உள்ள இடைமுகங்களையும் வட்டுகளையும் பட்டியலிடச் செய்தல். தேவையற்றவற்றை வடிகட்டி எஞ்சியவற்றுக்கு வரைபடம் உருவாக்குதல் என நான்கு படிகள் போதும். வார்ப்புரு எண்கள் நிறுவலுக்கு நிறுவல் மாறக்கூடியவை. ஆகவே அவற்றை நிரலில் நிலையாக எழுதாமல், பட்டியலிடும் கட்டளையின் வழியே பெயரைக் கொண்டு தேடிப் பெறுதல் நன்று.

3. பிழை வாயில்கள்

தானியக்கம் ஒரு சரியான முடிவை 40 முறை செய்வதுபோலவே, ஒரு தவறான முடிவையும் 40 முறை செய்யும். 32 பிட் எண்ணி இதற்குத் தக்க சான்று. அதன் உச்ச மதிப்பு 4294967295. நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் முழுமையாக இயங்கும் இணைப்பில் பைட்டுகளை எண்ணும் அந்த எண்ணி ஏறத்தாழ 34 நொடிகளில் சுழியத்திற்குத் திரும்பிவிடும். 300 நொடி இடைவெளியில் அது எட்டு முறை சுழன்றிருக்கும். ஆர்ஆர்டிடூலோ ஒரு சுழற்சியை மட்டுமே ஈடுசெய்யும். விளைவாக, முழுக் கொள்ளளவில் திணறும் இணைப்பை வரைபடம் சுமார் 84 மெகாபிட் வேகத்தில் அமைதியாக இயங்குவதாகக் காட்டும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. 64 பிட் எண்ணிக்குரிய வினவல் வகையைத் தேர்வதே தீர்வு. எஸ்என்எம்பியின் முதற்பதிப்பு 64 பிட் எண்ணியை ஆதரிக்காததால், கருவி இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டிருப்பதை நிரல் முன்னதாகவே சோதிக்க வேண்டும்.

அடுத்தது இடைமுகச் சுட்டெண். சேவையகம் மறுதொடக்கம் பெறும்போது இவ்வெண் மாறக்கூடும். ஆதலால் இடைமுகத்தைப் பெயரால் தேர்ந்தெடுத்து, இயங்குகாலம் குறைந்தால் மறுசுட்டல் செய்யும் முறையைக் கருவிக்கு அமைத்தல் வேண்டும்.

நிரலைப் பலமுறை இயக்க நேர்வதும் இயல்பே. ஏற்கனவே உள்ள வரைபடத்தைக் காக்டையின் நிரல் மீண்டும் உருவாக்குவதில்லை. வலிந்து உருவாக்கும் விருப்பத்தைச் சேர்த்தால் இப்பாதுகாப்பு நீங்கி இரட்டைப் பதிவுகள் தோன்றும்.

4. சரிபார்ப்பு

நிரல் பிழையின்றி முடிந்தது என்பது பணி நிறைவுற்றமைக்குச் சான்றாகாது. ஒவ்வொரு கருவிக்கும் எதிர்பார்க்கும் வரைபட எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, குறைவுள்ள கருவிகளைப் பட்டியலிடும் பகுதி நிரலின் இறுதியில் அமைதல் வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 240க்கு 239 மட்டுமே இருப்பின், விடுபட்ட ஒன்று எதுவென அன்றே தெரிந்துவிடும்.

முடிவுரை

2017இல் வெளிவந்த காக்டையின் 1.0 பதிப்பு, கருவிகளைக் கண்டறிந்து விதிகளின்படி வரைபடம் உருவாக்கும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. எனினும் எந்த எண்ணி, எந்த இடைமுகம், எந்த அடையாளம் என்னும் தேர்வுகளை வகுப்பவர் நிருவாகியே. தட்டச்சு உழைப்பைக் குறைப்பதைவிட, இத்தேர்வுகளை ஒரே இடத்தில் எழுதிவைத்து, எவரும் படித்துத் திருத்தக்கூடியதாக ஆக்குவதே நிரல்வழித் தானியக்கத்தின் முதன்மைப் பயன் எனலாம்.